ரெசிஸ்டரின் மேல் ஒரு துண்டு ஒயர்

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருவனந்தபுரத்தில் ஒரு முதலாளியின் பழைய அம்பாசிடரை ஓட்டிப் பிழைத்தேன். மழைக்காலக் காலைகளில் ஸ்டார்ட்டர் சுற்றும்போதே பேட்டரி தளர்ந்துவிடும், பிளக்கில் பொறி வராது. வேலை போய்விடுமோ என்று சாவியைத் தொடும்போதெல்லாம் பயம் வரும்.

மெக்கானிக் சசிதான் ஒரு ஒயர் இழுத்து, ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் மட்டும் பிளக்கில் பொறி வரவைக்கும் காயிலுக்கு முழு கரண்ட் போகும்படி செய்தார். வண்டி ஓடும்போது காயில் சூடேறாதபடி கரண்டைக் குறைக்க ஒரு ரெசிஸ்டர் இருந்தது. "அதைத் தொடண்டா, கேட்டோ அண்ணா" என்று மலையாளத்தில் எச்சரித்திருந்தார்.

வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. என் பயம்தான் போகவில்லை. எப்போதும் முழு கரண்ட் போனால் இன்னும் நல்லதுதானே என்று, ரெசிஸ்டரின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டேன்.

மூன்றாம் நாள், முதலாளியின் மகளை இண்டர்வியூவுக்கு அழைத்துப் போகும்போது, தம்பானூரில் காயில் வெந்து வண்டி நின்றது. அவள் அழுதுகொண்டே ஆட்டோ பிடித்தாள்.

"சசி பார்த்த வேலை, மொதலாளி" என்றேன், முதலாளி வந்ததும், அவர் கேட்காமலே.

சசி வந்து பானெட்டைத் திறந்தார். என் ஒயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இனி என் வண்டியில கை வச்சிராதே!" என்று முதலாளி சசியிடம் கத்தினார்.

"எண்டெ தப்புதான், சாரே." சசி அந்தத் துண்டு ஒயரைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். என்னிடம் மட்டும் மெதுவாக, "எனக்கு வேற வண்டி உண்டு அண்ணா, உங்களுக்கு இது ஒண்ணுதானே" என்றார்.

வேறொருவர் வந்து காயிலை மாற்றினார். சசி இழுத்த ஒயரால்தான் வண்டி தினமும் முதல் திருப்பிலேயே கிளம்பியது.

"புது மெக்கானிக் கெட்டிக்காரன், என்னடே?" என்றார் முதலாளி.

"ஆமா மொதலாளி" என்றேன். பயத்தில் ஒயரைச் சேர்த்ததைக்கூட எனக்கு நானே மன்னித்துவிட்டேன். அந்த 'ஆமா'வை மன்னிக்க முடியவில்லை.