கடைசி முளைக்குச்சி

வண்டலூரைத் தாண்டி எனக்கு இரண்டு ஏக்கரில் கத்திரித் தோட்டம் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் பாத்திகளுக்குப் பாயவும், மழைத் தண்ணீர் தேங்காமல் வெளியேறவும் வாய்க்கால் போட ஒருவரை அழைத்து வந்தேன்.

ஒல்லியான மனிதர். தண்ணீர் நிரப்பிய லெவல் டியூபைக் கழுத்தில் மாலைபோலச் சுற்றியிருப்பார். மட்டம் பார்க்கும்போது மறுமுனையை நான் பிடித்துக்கொள்வேன். டியூபில் தண்ணீர் அசைவு நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்வார். அதன் பிறகுதான் வாய்க்கால் போகும் தடத்தில் முளைக்குச்சி அடிப்பார்.

தண்ணீர் வெளியேறும் கிழக்கு வேலியோரம் கடைசிக் குச்சிக்கு மட்டும் இரண்டு முறை மட்டம் பார்த்தார். வேலிக்கு அப்பால் பள்ளத்தில் புதிதாக மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க, சரியில்லையா?” என்றேன்.

“சரியாத்தான் கீது சார்,” என்று குச்சியை அடித்தார்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. என் தோட்டத்தில் ஒரு செடிகூட அழுகவில்லை. வாய்க்காலைப் பார்க்கப் போனேன். பள்ளத்தில் புதிதாக எழும்பியிருந்த வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் வாளியால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். அவரேதான்.

“குச்சி அடிக்கும்போதே இது உங்க மனையா?”

“ஆமா சார்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லி இன்னா சார் பண்றது? டியூபு இந்தப் பக்கம்தான் காட்டுச்சு. அத்த எப்டி மாத்தி அடிக்கறது?”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினேன். முழங்கால்வரை என் தோட்டத்துத் தண்ணீர். இன்னொரு வாளியை எடுத்தேன். நானாக இருந்தால், அடுத்தவன் கத்திரி அழுகினால் அழுகட்டும் என்று விட்டிருப்பேன்.