கஸ்தூரி வைத்த மாம்பழக் கறி

போன வாரம் பெங்களூரில் இருக்கும் என் மகள் போனில் முகம் காட்டிப் பேசினாள். பேசினாள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. போனை எதன் மீதோ சாய்த்து வைத்துவிட்டு அடுப்பில்தான் வேலையாக இருந்தாள். ஆபீஸ் விட்டு வந்த அலுப்பு முகத்தில் தெரிந்தது. அகலமான ஒரு சட்டி, அதில் கோழிக்கறி, பக்கத்தில் துண்டு போட்ட மாம்பழம். “ஒரே சட்டிதாம்மா. ஜல்தியா முடிஞ்சிடும். நெட்ல பார்த்தேன், புதுசா இருந்துச்சு” என்றபடி பழத்தைக் கறியில் தள்ளினாள்.

அத்தனை தூரத்திலிருந்து வாசனை வர வழியே இல்லை. எனக்கு வந்தது. கூடவே வயிற்றில் பழைய எரிச்சலும் வந்தது. “புதுசாவது ஒன்னாவது. உங்க கஸ்தூரி அத்தை இத எப்பவோ செஞ்சிட்டா” என்றேன். “அத்தையா? நீ சொன்னதே இல்லியே” என்றாள். நான் ஏன் சொல்லப் போகிறேன்?

கஸ்தூரி என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. தொண்ணூறுகளின் நடுவில் நான் கண்ணமங்கலத்திலிருந்து ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அப்பாவுக்கு மளிகைக் கடை. எனக்கு மிளகாய் தெரியும், மல்லி தெரியும், தறி தெரியாது. வந்த வீட்டில் தறிதான் நடு நாயகமாக இருந்தது. கூடத்தில் அது போக மிச்சமிருந்த இடத்தில்தான் நாங்கள் நாலு பேரும், என் மாமியாரையும் சேர்த்து, உண்டு உறங்கினோம்.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யும் பட்டுப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் உடலுக்கு நாடாவை, அதாவது குறுக்கு நூல் வைத்த கட்டையை, வீசுவார். கரைக்கு நாடா போட இன்னொருவர் அவர் பக்கத்திலேயே, தோளோடு தோள் இடிக்கிற மாதிரி உட்கார வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அந்த இடம் கஸ்தூரியுடையது. காலையில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரம்வரை நான் பார்ப்பதெல்லாம் இரண்டு முதுகுகள்தான்.

அந்த முதுகுகள் பேசிக்கொள்ளும். அதுதான் விஷயம். என்னிடம் அவர் பேச்சு “சோறு ஆச்சா?”, “தண்ணி குடு” என்ற அளவோடு நின்றுவிடும். தறியில் உட்கார்ந்தால் மட்டும் மெதுவாக என்னென்னவோ சொல்வார், கஸ்தூரி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். நான் காபி எடுத்துப் போனால் இரண்டு பேரும் கப்சிப். புருஷனின் தங்கையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவளை நீங்கள் என்ன சொல்வீர்களோ தெரியாது. என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்குப் பற்றி எரிந்தது. புதுப்பெண் நான், அவர் பேச்சைக் கேட்க வேண்டிய காது என்னுடையது இல்லையா?

பேச்சு வேண்டுமென்றால் அந்த இடம் வேண்டும் என்று முடிவு கட்டினேன். மாமியாரிடம் கெஞ்சி, தறி சும்மா இருக்கிற நேரங்களில் கரை போடக் கற்றுக்கொண்டேன். முதலில் இழையை அறுத்தேன், பிறகு கை வந்துவிட்டது. ஆனால் கஸ்தூரி எழுந்தால்தானே! காய்ச்சல் வந்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒரு தும்மல்கூட எனக்கு உதவவில்லை.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டு ஒரு வாசனையைப் பிடித்தால் லேசில் விடாது. புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நூல் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி விரித்துப் பார்ப்பதற்கு முன்னால் மூக்கில் வைத்துப் பார்ப்பார். அதனால் கறி ஆக்குவது புழக்கடையில் மட்டும். கறியில் கை வைத்தவர் அன்றைக்குத் தறியில் கை வைக்கக் கூடாது; மறுநாள் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உட்கார வேண்டும். சாப்பிடுவதும் தறியை மூடிய பிறகுதான்.

கறி எடுப்பது ஒரு புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுக்கிற நாளில். அது செவ்வாயோ புதனோ, எந்தக் கிழமையாகவும் இருக்கும். புடவையைக் கொடுத்துவிட்டு வரும்போது அவர் கறி வாங்கி வருவார். தறியில் அடுத்த புடவைக்கான பாவு நூல் மிச்சம் இருக்கும், உடனே அடுத்த புடவையை ஆரம்பித்துவிடுவார்கள். நான் புழக்கடைக்குப் போவேன். மல்லியை வறுத்து, தேங்காயைத் துருவி, அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்து, கொதிக்கவிட்டு இறக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். குழம்பு என்றால் அது குழம்பு. தெரு முனைக்கு மணக்கும்.

“அண்ணி கொழம்புக்கு சொத்தையே எழுதி வெக்கலாம்” என்பாள் கஸ்தூரி. எனக்குத் தலைகால் புரியாது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கசகசா சேர்த்து அரைப்பேன். அவள் என்னைப் புகழ்ந்து புகழ்ந்தே அம்மியோடு கட்டிப்போட்டிருக்கிறாள் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்க இரண்டு வருஷம் பிடித்தது. உறைத்த அன்றைக்கு அம்மியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த அறுப்பு கோடையில் வந்தது. அவர் கோழிக்கறியைக் கொண்டுவந்து வைத்ததுமே நான் முந்திக்கொண்டேன். “இன்னிக்குக் கஸ்தூரி ஆக்கட்டும். கரைக்கு நான் உக்கார்றேன்.”

அவர் தங்கையைப் பார்த்தார். மாமியார் நூல் சுற்றிக்கொண்டிருந்த ராட்டினத்தை நிறுத்தினார். கஸ்தூரி அலட்டிக்கொள்ளவே இல்லை. “செரி அண்ணி, நானே ஆக்கறேன்” என்றாள். நான் கை கழுவி, முந்தானையைச் செருகி, தலையை இறுக்கி முடிந்துகொண்டு தறிக்குப் பக்கத்தில் தயாராக நின்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. நாடா இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் வந்தது. “கஸ்தூரி, கறி அங்க கெடக்குதே?” என்றேன். “கெடக்கட்டும் அண்ணி. அதுக்கு இன்னா, ஜல்தி ஆயிடும்” என்றாள். வெயில் இறங்கியது. நான் நின்றேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன். விளக்குப் போட்ட பிறகு தறியை நிறுத்தி, மேலே துணியைப் போர்த்திவிட்டுத்தான் அவள் எழுந்தாள்.

புழக்கடையில் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து இருப்புச் சட்டியைப் போட்டாள். கடலை எண்ணெய், முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம், நசுக்கிய பூண்டு. கறியை அப்படியே கவிழ்த்தாள். மிளகாய்த்தூள், உப்பு, மேலே ஒரு தட்டு. அம்மிப் பக்கமே போகவில்லை. படவேட்டிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த மாங்காய் ஒரு கூடை இருந்தது. காயும் இல்லாமல் பழமும் இல்லாமல் செங்காயாக இருந்ததில் இரண்டை எடுத்துத் துண்டு போட்டாள். கறி பாதி வெந்ததும் அதைச் சட்டியில் கொட்டினாள்.

“கறியில பழமா? எங்க ஊர்ல பைத்தியங்கூட இப்படிப் பண்ணாது” என்றேன் நான்.

“வாய மூடிகினு துன்னு பாரு, அப்புறம் சொல்லு” என்றார் மாமியார்.

மிளகை நசுக்கித் தூவி, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, மத்தியானம் வடித்த சோற்றையும் அதே சட்டியில் கொட்டிப் புரட்டினாள். அவ்வளவுதான். அரை மணிகூட ஆகியிருக்காது. மாங்காய் கரைந்து கறியில் ஒட்டியிருந்தது. முதலில் இனிப்பு, அதன் பின்னால் புளிப்பு, கடைசியில் காரம். நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உப்பாவது தூக்கலாக இருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு வாயிலும் தேடினேன்.

அவர் சட்டியை வழித்துச் சாப்பிட்டார். என் குழம்புக்கு இரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார். “வேல கெடாம ஆயிடுச்சே. இனிமே இதே போதும்.”

தறியில் இடம் கேட்கப் போய் அடுப்படியும் என் கையை விட்டுப் போனது. அதற்குப் பிறகு அறுப்பு என்றால் கஸ்தூரியின் சட்டிதான். மாங்காய் இல்லாத நாளில் புழக்கடைப் பப்பாளி, அதுவும் செங்காயாகப் பார்த்துப் பறித்தது. பகலெல்லாம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துவிட்டு, மாலையில் அரை மணியில் எல்லார் வாயையும் கட்டிவிடுவாள். நான் மாமியாரோடு உட்கார்ந்து நூல் சுற்றினேன். ராட்டினம் சுற்றிய வேகத்தைப் பார்த்து மாமியாரே ஒருநாள் “இழை மேல இன்னாடி கோவம்?” என்று கேட்டார்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த கையோடு கஸ்தூரியை முள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்தோம். அவள் புறப்பட்டபோது நான் அழுத அழுகையைப் பார்த்து, இப்படி ஓர் அண்ணி யாருக்குக் கிடைக்கும் என்று ஊரே பேசியது. நானும் மறுக்கவில்லை. மறுநாள் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு தறியில் போய் உட்கார்ந்தேன். கடைசியில் அந்த இடம் எனக்கு வந்துவிட்டது.

அவர் பேசவில்லை. முதல் நாள், புது ஆள் என்பதால் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனது, மாதம் போனது. “இன்னாங்க, எதனா பேசுங்களேன்” என்று வாய்விட்டே கேட்டேன். “இன்னா பேசறது?” என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாடாவை வீசினார். பல வருஷம் அப்படியே போனது. தோள் இடிக்கும், பேச்சு வராது. இழை அறுந்தால் “பாத்து” என்பார். தங்கையிடம் பேச ஆயிரம் இருந்த மனுஷனுக்கு என்னிடம் பேச ஒன்றுமில்லை என்று முடிவு செய்துகொண்டேன். குறை சொல்கிற மாதிரி வேறு எதுவும் அவர் வைக்கவில்லை. ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார், மறுநாள் இல்லை.

போன வருஷம் அவர் திதிக்குக் கஸ்தூரி வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் நரைத்துவிட்டது. சாப்பிட்டு முடித்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன். “ஏன் கஸ்தூரி, அப்படி இன்னாதான் பேசிகினு இருப்பீங்க அண்ணனும் தங்கச்சியும்?”

“தறியிலயா?” என்று சிரித்தாள். “உங்களப் பத்திதான் அண்ணி. வேற இன்னா பேசும் அண்ணன்?”

“என்னப் பத்தியா?” என்றேன்.

“வெங்காயம் அரியறப்போ நீங்க பாடுவீங்களாம். யாராச்சும் பாத்தா நிறுத்திடுவீங்களாம். ‘நாடாவ நிறுத்து, கேளு கேளு’ன்னு சொல்லும். எனக்குச் சிரிப்பு வந்துடும். உங்க மேல எரியும் எரியும். எங்கூட இருக்கற அண்ணன் உங்க பேச்சையே பேசினா?”

நான் பாடுவேன் என்பதே எனக்குத் தெரியாது. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே” என்றேன்.

“உங்க எதிர்ல அண்ணனுக்குப் பேச வராது அண்ணி. வெக்கம்.”

“சரி, வேற இன்னா சொல்வாரு?”

அவள் யோசித்தாள். விரலால் தரையில் கோடு போட்டபடி நிஜமாகவே யோசித்தாள். “எவ்ளவோ சொல்லும், தெனம் சொல்லும். அதெல்லாம் இப்போ யாருக்கு ஞாபகம் இருக்குது? மறந்து போச்சு அண்ணி” என்று சொல்லிவிட்டு, முள்ளிப்பட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

என்னைப் பற்றி அவர் பேசியதை எல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் தொலைத்துவிட்டாள். என்னிடம் கொடுத்திருந்தால் ஒரு சொல்லைக்கூட விட்டிருக்க மாட்டேன்.