ஹாரன் மேடமும் பின்சீட்டு குருவும்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு ஹாரன் மேடம் என்று பெயர். வைத்தவர்கள் வேறு யாருமில்லை, அவளிடம் படித்தவர்கள்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வண்டிக்குத் தனியாக ஹாரன் எதற்கு என்பது அவர்கள் கட்சி. பொய் சொல்லக் கூடாது, அந்தத் தொண்டைக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். "கிளட்ச்! கிளட்ச்னு சொன்னேன்ல! காதை வீட்ல கழட்டி வச்சிட்டு வந்தியா?" என்று அவள் போடுகிற சத்தத்தில், நடைபாதையில் போகிறவர்கள்கூட ஒரு கணம் நின்று தங்கள் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள்.

பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அவளுடைய கால் அதன் மேலேயே குடியிருந்தது. ஆபத்து வந்தால் மிதிப்பாள், வரும் என்று தோன்றினாலும் மிதிப்பாள், வராது என்று தெரிந்தால் பழக்கத்துக்காக ஒரு மிதி.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, ஒற்றை ஆளாக மகளை வளர்த்தாள். சாப்பாடு, படிப்பு, துணிமணி எதிலும் குறை வைக்கவில்லை, சத்தத்திலும் குறை வைக்கவில்லை. மகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்த முதல் நாள், தெருமுனை தாண்டுவதற்குள் எத்தனை அதட்டல், எத்தனை பிரேக்! மகள் சாவியை உருவி அம்மா மடியில் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நாளில் வேலையைச் சாக்காக வைத்து விடுதிக்கே போய்விட்டாள். போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கத்தக்கூட ஆளில்லாத வீட்டில் இருந்து பாருங்கள், அப்போது தெரியும். அந்த நாட்களில்தான் குரல் கட்டிக்கொண்டு மருத்துவரிடம் போனாள். அவர் மாத்திரை எழுதிவிட்டு, "இது தொண்டைக்கு. மீதிக்கு அங்க போங்க" என்று மரச்சாமான் கடை மாடியில் இருந்த ஜென் தியானக் கூடத்துக்கு வழி சொன்னார்.

அங்கே சொல்லிக்கொடுப்பவருக்கு அவள் வயதுதான் இருக்கும். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. இளமையில் ஒரு ஜென் மடத்தில் பல வருடம் கிடந்து கற்றவர். எல்லோரையும் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லி, மணியை ஒரு தட்டுத் தட்டுவார். "வெளிய போற மூச்சை மட்டும் பாருங்க. முழுசா போகட்டும். உள்ள வர்றது தானா வரும்." அவ்வளவுதான் பாடம். இதற்கா மாடி ஏறி வந்தேன் என்று அவளுக்கு அலுப்பாகத்தான் இருந்தது. தன் கோபத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்தார். "கத்தணும்னு தோணும்போது முதல்ல மூச்சை வெளிய விடுங்க. அப்புறமும் தோணுச்சுன்னா தாராளமா கத்துங்க."

அப்புறம் பெரும்பாலும் தோன்றவில்லை. அவளுக்கே நம்ப முடியவில்லை. பயிற்சிக்கு வந்தவர்கள் "மேடத்துக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அலுவலகத்தில் விசாரித்தார்கள். சேதி மகள் காதுக்கும் எட்டியது. ஒரு நாள் வந்து சாப்பிட்டுப் பார்த்தாள். அடுத்த வாரமும் வந்தாள். பிறகு பெட்டியோடு வந்தாள்.

புது வேலைக்கு வண்டி ஓட்டத் தெரிய வேண்டும் என்றபோது மகளே கேட்டாள். "நீயே சொல்லிக் குடும்மா. ஆனா வண்டிக்குள்ள ஒரு தடவை என்னைப் பார்த்துக் கத்தினாலும் இறங்கிப் போயிடுவேன். வண்டியை விட்டு மட்டும் இல்ல."

அம்மா தலையாட்டினாள்.

இதற்கிடையே கூடத்தில் சிலர் காதைக் கடித்தார்கள். குரு சாயங்காலமானால் பாட்டிலைத் திறந்துவிடுவாராம். "சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க" என்று அவள் முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பினாள்.

மகள் ஓரளவு ஓட்டத் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம். பிரிந்துபோன தன் தியான மெத்தையைத் தைக்க எடுத்துப் போகலாம் என்று மரச்சாமான் கடை வாசலில் அம்மா நிறுத்தச் சொன்னாள். அங்கே குரு தன் காரின் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவி, துவாரத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் குத்திக்கொண்டிருந்தது. கிட்டே போனதும் குப்பென்று வாடை.

"மேடமா? வாங்க, வாங்க. வீட்டுக்குத்தான் கிளம்பறேன்" என்றார் குழறலாக.

அவள் சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டாள், தோளைப் பிடித்து நடத்தி வந்து பயிற்சி வண்டியின் பின்சீட்டில் தள்ளினாள். "இவரை வீட்ல விட்டுட்டுப் போலாம். நீயே ஓட்டு" என்றாள். மகள் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், வண்டியை எடுத்தாள்.

அம்மாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த ஆளிடமா மூச்சு விடக் கற்றுக்கொண்டேன்? இவர் வேஷம் என்றால் என் அமைதியும் வேஷம்தானே? வேஷம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? மகள் பெட்டியோடு வந்தது இந்த வேஷத்தை நம்பித்தானே?

நாற்சந்தியில் பச்சை விழுந்தது. மகள் கிளட்சைச் சட்டென்று விட, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. பின்னால் ஒரு லாரி, அதன் பின்னால் ஒரு பஸ், எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. மறுபடி முயன்றாள், மறுபடி அணைந்தது. பின்சீட்டிலிருந்து குரு வேறு, "மெதுவா... மெதுவா..." என்று உபதேசம் தொடங்கினார். மகள் சாலையைப் பார்க்கவில்லை, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாய் திறந்துவிட்டது. பழைய சத்தம் அத்தனையும் தொண்டைக்கு வந்து நின்றது.

மூச்சை வெளியே விட்டாள். முழுசாக. சாராய வாடையோடு அடுத்த மூச்சு தானாக உள்ளே வந்தது.

"ஒண்ணும் அவசரமில்லடா. நியூட்ரலுக்கு வா. ஸ்டார்ட் பண்ணு. ஹாரன் அடிக்கிறவங்க அடிக்கட்டும், அவங்களுக்கும் பொழுது போகணும்ல."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி நகர்ந்தது.

குருவின் வீட்டு வாசலில் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினாள். வந்த வழியில் கொஞ்சம் தெளிந்திருந்தார். படியிலேயே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளையிலிருந்து கூடத்துக்கு வராதீங்க மேடம். சொல்லிக் குடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? எல்லாம் பொய்."

"பொய்யா இருந்தா சிக்னல்லயே என் குடும்பம் ரெண்டாயிருக்கும் சார். நீங்க சொன்னது வேலை செய்யுது. உங்க மேல அவ்வளவு ஆத்திரம் இருக்கும்போதே வேலை செஞ்சுது."

அவர் நிமிர்ந்தார். "அப்ப என் மேல கோவம் இல்லையா?"

அவள் மறுபடி ஒரு மூச்சை வெளியே விட்டுப் பார்த்தாள். கோபம் போகவில்லை. அப்படியே இருந்தது.

"இருக்கு" என்றாள். பிறகு தாராளமாகக் கத்தினாள்.

"குடிச்சிட்டு வண்டியை எடுக்கப் பார்த்தீங்களே! ரோட்டுல குழந்தைங்க நடக்குது, வயசானவங்க நடக்குறாங்க! யாரையாவது ஏத்திட்டு அப்புறம் சுவரைப் பார்த்து உக்காந்தா போன உசுரு வருமா? கார் சாவி இனி என்கிட்டதான் இருக்கும். தெளிவா வந்தா மணி அடிங்க, உக்காருறேன். குடிச்சிட்டு வந்தா மணியை நான் அடிப்பேன், நீங்க கடைசி வரிசையில சுவரைப் பார்த்து உக்காருங்க. உங்களுக்கும் பாடம் பாக்கி இருக்கு!"

தெருவில் நாலைந்து ஜன்னல் திறந்தது. குரு கைகூப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது, அவளுக்கும்தான்.

திரும்பி நடந்தபோதுதான் வண்டியின் கண்ணாடி இறக்கியிருப்பதைப் பார்த்தாள். மகள் எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். கதவைத் திறந்து உட்கார்ந்தாள். மகள் எஞ்சினை அணைத்திருந்தாள், சாவி அவள் கையில் இருந்தது.

"கேட்டுச்சா?"

"தெருவுக்கே கேட்டுச்சு" என்றாள் மகள். "நீ கத்தலைன்னா நான் இறங்கி வந்து கத்தியிருப்பேன்." சாவியைத் துவாரத்தில் போட்டாள். "அம்மா, நீ கவனிச்சியா? சிக்னல்ல ரெண்டு தடவை ஆஃப் ஆச்சு, பின்னாடி லாரி நின்னுச்சு. உன் கால் பிரேக் பக்கமே போகல."

அம்மா குனிந்து பார்த்தாள். இரண்டு காலும் சீட்டுக்கு அடியில் மடங்கிக் கிடந்தன.