புதூர், திருக்கோவிலூர் வட்டம், தென்னார்க்காடு மாவட்டம்

நீல எனாமல் பெயின்ட் வாசனை எங்கே அடித்தாலும் இன்றும் நான் அங்கேயே நின்றுவிடுவேன். எங்கள் வீட்டின் முன்சுவரில் அந்த நீலத்தில்தான் அம்மா முகவரி எழுதி வைத்திருந்தாள். ரேஷன் கார்டைப் பார்த்துப் பார்த்து எழுதிய கோணல் எழுத்து. அம்மாவுக்கு எழுதத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

கண்டாச்சிபுரம் பக்கத்தில் இருக்கிறது எங்கள் புதூர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு புதூர் இருக்கும் என்பதால், பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போகுமுன் "அட்ரஸ் சொல்லு" என்று நிறுத்தி, வட்டமும் மாவட்டமும் தப்பாமல் ஒப்பிக்க வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணன் செல்வம் ஐந்து வயதிலேயே அதை வாய்ப்பாடு மாதிரி சொல்வானாம். ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, திண்டிவனம் பேருந்து நிலையத்துக் கூட்டத்தில் அவன் அம்மாவின் கையை விட்டான். நான் அப்போது இடுப்பில் இருந்த கைக்குழந்தை. அப்பா ஊர் ஊராக அலைந்து ஓய்ந்துபோனார். அம்மா மட்டும், "அட்ரஸ் தெரிஞ்ச புள்ள, எங்க இருந்தாலும் கேட்டுக்கினு வந்துடும்" என்று சொல்லி, சுவரில் எழுதினாள்.

எனக்குப் பத்து வயதானபோது தென்னார்க்காட்டைப் பிரித்தார்கள். இனிமேல் கலெக்டர் ஆபீஸுக்குக் கடலூர் வரை போக வேண்டாம், விழுப்புரமே போதும் என்று ஊரே சந்தோஷப்பட்டது. பள்ளிக்கூடத்தில் புது மாவட்டத்தின் பெயரைப் பலகையில் எழுதிப் போட்டார்கள். அம்மா ஒருத்திதான் முகம் வெளுத்துப்போய், "அப்ப பழைய பேரு?" என்று பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தாள். எனக்கு அது வெட்கமாக இருந்தது. படித்த திமிர் என்றே சொல்ல வேண்டும். ஒருநாள் அவள் கொல்லை வேலைக்குப் போனதும், மிச்சமிருந்த பெயின்டை எடுத்து, தென்னார்க்காட்டை அழித்துவிட்டு அதன்மேல் விழுப்புரம் என்று குண்டு குண்டாக எழுதினேன். அவள் களைத்து வந்து இருட்டில் படுத்து, விடியுமுன் மறுபடி வேலைக்குப் போய்விட்டாள், சுவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, எதிர்க்கொல்லையில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்க வந்திருந்த ஒரு வெளியூர்க்காரம்மா, அப்போதுதான் வேலைவிட்டு வந்த அம்மாவிடம் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மத்தியானம் ஒரு பையன் வந்தாம்மா, பதினஞ்சு வயசு இருக்கும். ஒங்க செவுத்தயே படிச்சிக்கினு ரொம்ப நேரம் நின்னான். யாருப்பா வேணும்னேன். நான் தேடுறது வேற புதூருங்கன்னு சொல்லிட்டுப் பஸ்ஸுக்குப் போயிட்டான்."

அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பிறகு தலைமுடி அவிழ ரோட்டுக்கு ஓடினாள். அன்றைக்குத் திண்டிவனம் வரை போய்த் தேடிவிட்டு மறுநாள் காலையில்தான் வந்தாள். என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருக்கலாம். "நீ சரியாத்தாம்மா எழுதின" என்று மட்டும் சொல்லிவிட்டு, டப்பாவில் ஒட்டியிருந்த பெயின்டைச் சுரண்டித் திரும்பவும் தென்னார்க்காடு என்று எழுதினாள். வந்தது யார் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவனாக இருக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். வேறு எந்தத் தங்கையும் இப்படி வேண்டியிருக்க மாட்டாள்.

அதற்குப் பிறகும் பிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள். கண்டாச்சிபுரம் தனி வட்டமாகி எங்களை எடுத்துக்கொண்டது. திருக்கோவிலூரோ கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்டது. அண்ணன் ஒப்பித்த முகவரியில் இப்போது மிஞ்சியிருப்பது புதூர் மட்டும்தான். அம்மாவும் போன வருஷம் போய்விட்டாள்.

இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆள் அந்தச் சுவருக்கு வந்ததும் மட்டையை இறக்கிவிட்டு, "இது இப்ப இல்லாத அட்ரஸ் தானுங்களே, அடிச்சுடட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம், அதைச் சுற்றி அடியுங்கள் என்றேன். அவர் போனபின் கடைக்குப் போய் நீல பெயின்ட் வாங்கி வந்து, மங்கியிருந்த எழுத்துகளின் மேலேயே, அம்மாவின் கோணல் மாறாமல், நிதானமாக எழுதினேன். எழுதி முடித்துவிட்டுக் கதவைத் தாழ் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.