ஓட்டுப் போடாத வீடு

ஒட்டாவா நாடாளுமன்றத்தைப் பற்றி ஆர்வில் ஹாகனிடம் தெரியாத்தனமாக வாயைக் கொடுத்தவனுக்கு அன்றைய பொழுது போச்சு. காப்பி ஆறி, வெளியே வண்டி பனியில் உறைந்து, அவனே கும்பிடு போட்டு எழுந்து போகும்வரை மனுஷர் விடமாட்டார். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், எங்கள் லார்க் ஹில் ஊரில் கூட்டுறவுப் பெட்ரோல் கடையின் மூலை மேசைதான் அவருக்கு அவை. அங்கே பிரதமரும் அவர்தான், எதிர்க்கட்சித் தலைவரும் அவர்தான், சபாநாயகரும் அவரேதான்.

அவர் தீவிர கன்சர்வேட்டிவ். அப்பா காலத்திலிருந்தே அப்படி. கோதுமையை உலர்த்தும் எரிவாயுவுக்கு வரி போடுகிறவன் ஆயுளில் ஒருமுறையாவது கோதுமையைக் கையால் அள்ளியிருப்பானா என்று கேட்பார். செனட் சபை, யாரும் ஓட்டுப் போடாமல் வந்து உட்கார்ந்தவர்கள் தின்று தூங்கும் சத்திரம் என்பார். மேற்கே நம் பெட்டியைத் திறப்பதற்குள் கிழக்கே ஒன்ராறியோக்காரன் ஆட்சியை முடிவு செய்துவிடுகிறான், நாம் எண்ணுவது எழவு விழுந்த வீட்டில் எட்டாம் நாள் போய்த் துக்கம் கேட்பது மாதிரி என்பார். ஆனால் அவருக்கு அடிவயிறு எரிவது கட்சி தாவுகிறவர்களைப் பார்த்துத்தான். ஒரு கட்சியின் பேரைச் சொல்லி ஓட்டு வாங்கிவிட்டு, அவைக்குள்ளே நாலடி நடந்து எதிர்வரிசையில் போய் உட்காருகிறவனை அவர் பேசும் பேச்சை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

இவ்வளவு பேசுகிற மனுஷர் நாற்பது வருஷத்துக்கு மேலாக மத்தியத் தேர்தலில் ஓட்டே போட்டதில்லை. இதைச் சொன்னால் மேசையில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஊரில் யாருக்கும் தெரியவும் தெரியாது.

அதற்குக் காரணம் அவர் மனைவி ஸ்டெஃபி. உக்ரேனியக் குடும்பத்துப் பெண், பரம்பரையாக இடதுசாரிப் புதிய ஜனநாயகக் கட்சி. ஆஸ்பத்திரியில் காசு கேட்காமல் வைத்தியம் பார்க்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது எங்கள் ஆட்கள்தான் என்று கல்யாண விருந்திலேயே மாமனாரிடம் மல்லுக்கு நின்றவள். எழுபத்தொன்பது டிசம்பரில் ஆர்விலின் கட்சி, அவையில் தன் தலைகளைச் சரியாக எண்ணாமல் வாக்கெடுப்புக்குப் போய் ஆட்சியைப் பறிகொடுத்தது. பிப்ரவரியில் மறுபடி தேர்தல். கடுங்குளிரில் ஓட்டுப் போடக் கிளம்பிய இரண்டு பேரும் வழிநெடுகச் சண்டை போட்டார்கள். அந்தக் கோபத்தில் ஆர்வில் வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். டிராக்டர்காரன் வந்து இழுக்கும்வரை இருவரும் ஒரே கம்பளிக்குள் ஒட்டிக்கொண்டு நடுங்கினார்கள்.

அங்கேதான் ஸ்டெஃபி அந்த யோசனையைச் சொன்னாள். அவையில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுங்கட்சியில் ஒருத்தர் வர முடியாவிட்டால், எதிர்க்கட்சியில் ஒருத்தர் அவருக்காகத் தானும் ஓட்டுப் போடாமல் இருந்துவிடுவார். இதற்கு ஜோடி சேர்வது என்று பேர். எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது, வாய்ச்சொல்தான்.

"உங்க ஓட்டை என் ஓட்டு தின்னுடுது. என் ஓட்டை உங்க ஓட்டு தின்னுடுது. எதுக்கு ரெண்டு பேரும் பனியில சாகணும்? நாம ஜோடி சேர்ந்துக்கலாம்" என்றாள்.

அன்றைக்கு வீடு திரும்பினார்கள். அவள் உருளைக்கிழங்குப் பூரணம் வைத்துப் பெரோகி அவித்தாள். மாலை முழுக்கச் சீட்டு ஆடினார்கள். அப்புறம் ஒவ்வொரு தேர்தல் நாளும் அப்படியே. ஆர்வில் வண்டியைக் கொட்டகைக்குள் ஒளித்து, கதவையும் சாத்திவிடுவார். பார்க்கிறவன் ஓட்டுப் போடப் போயிருக்கிறார்கள் என்று நினைக்கட்டும் என்று. அடுப்படியில் வெண்ணெயில் வெங்காயம் வதங்கும், ரேடியோவை அணைத்துவிடுவார்கள். கல்யாண நாளை மறந்திருக்கிறார் ஆர்வில், பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். தேர்தல் நாளை ஒருமுறையும் மறந்ததில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்களுடைய பண்டிகை அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஸ்டெஃபிக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு வீட்டுக்கு வரும் வழியை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் பக்கத்து ஊர் முதியோர் காப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சேர்த்துவிட்டு வந்த அன்று கொட்டகையில் உட்கார்ந்து அழுதார். ஆர்வில் தினமும் மதியம் போவார். அவளுக்கு அவர் யாரென்று தெரியாது. ஆலங்கட்டி மழையில் அடிபட்ட பயிரைப் பார்க்க வரும் காப்பீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டு, தென்புற வயலை நன்றாகப் பார்த்தீர்களா, கஞ்சத்தனம் பண்ணாமல் எழுதுங்கள் என்று மரியாதையாகச் சொல்லுவாள். அவரும் சரிங்க அம்மா என்பார். வேறு என்ன சொல்வது?

இந்த வசந்தத்தில், விதைப்புக்கு முன்னால், தேர்தல் வந்தது. முன்பெல்லாம் எங்கள் தொகுதியில் அவர் கட்சி சார்பில் கழுதை நின்றாலும் ஜெயிக்கும். இவர் ஓட்டுப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன. இப்போது எல்லையை மாற்றி வரைந்து, நகரத்தின் ஒரு பாதியைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். இழுபறி என்று எல்லோரும் சொன்னார்கள். கட்சி வேலை பார்க்கும் டுவைட் ஃப்ரீசன் மேசை மேசையாக வந்து கெஞ்சினான்.

"ஆர்வில் அண்ணே, இந்தத் தடவை பத்து ஓட்டுல கூட போயிடும். நீங்க வாய்லயே நாட்டை ஆண்டது போதும், கொஞ்சம் வெள்ளனவே வந்து குத்திட்டுப் போங்க" என்றான்.

மேசை சிரித்தது. ஆர்விலுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தனக்குத் தானே விவாதம் நடத்தினார். ஜோடி என்றால் இரண்டு பேர் வேண்டும். அவளால் இனிமேல் ஓட்டுப் போட முடியாது. யாருக்கு ஓட்டு, எதற்கு ஓட்டு என்பதே அவளுக்குத் தெரியாது. எதிராளி இல்லாதபோது நான் மட்டும் ஒதுங்கி இருந்தால் அது ஜோடி இல்லை, தானம். அவையில்கூட ஒருத்தர் செத்துப்போனால் ஜோடி முறிந்துவிடும். இப்படி நினைத்ததுமே தன்னையே அதட்டிக்கொண்டார். அவள் செத்தா போய்விட்டாள்? இருந்தாலும் நியாயம் தன் பக்கம்தான் என்று முடிவு கட்டிவிட்டார். தனக்குத் தானே நீதிபதியாக இருந்தால் தீர்ப்பு வேறெப்படி வரும்.

தேர்தல் நாள் காலையில் சவரம் செய்து, சர்ச்சுக்குப் போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஓட்டுச்சாவடி போட்டிருந்த கர்லிங் பனியாட்டக் கூடத்தில் வரிசையில் நின்றார். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பென்சிலை எடுத்துத் தன் கட்சிக்காரன் பேருக்கு எதிரே இருந்த வட்டத்தில் பெருக்கல் குறி போட்டார். வெளியே வந்தபோது டுவைட் முதுகில் தட்டினான். பெரிய காரியம் செய்துவிட்ட சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. நேரே காப்பகத்துக்கு வண்டியை விட்டார்.

அங்கே ஸ்டெஃபியைக் கவனிக்கும் மாரிசெல் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பெண், ஸ்டெஃபியிடம் உயிரையே வைத்திருந்தாள்.

"ஐயா, இன்னைக்கு ஓட்டுப் பெட்டி இங்கயே வந்துச்சு. அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். சும்மா வேடிக்கை பாக்கட்டும்னுதான். அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? அதிகாரி சீட்டை நீட்டினதும் வேண்டாம்னுட்டாங்க. அவ்வளவு தெளிவா அவங்க பேசி நான் கேட்டதே இல்ல. 'என் வீட்டுக்காரர் இன்னைக்கு வீட்டைவிட்டு வெளிய வரமாட்டார். அதனால நானும் போடறதுக்கில்ல'ன்னாங்க."

பெட்டி இங்கே வரும் என்று ஆர்விலுக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவள் முகங்களை மறந்தாள், ஊரை மறந்தாள், தன் தாய் செத்ததை மறந்தாள். இதை மட்டும் மறக்கவில்லை, பாவி மனுஷி.

"பெட்டி போயிடுச்சா?"

"இல்ல ஐயா, சாப்பாட்டுக் கூடத்துலதான் இருக்கு. கிளம்பறதுக்கு மூட்டை கட்டிட்டு இருக்காங்க."

அவர் ஓடினார் என்றே சொல்லலாம், அந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு. ஸ்டெஃபி ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். அவள் முன்னால் குனிந்து நின்று, வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் கட்சிக்காக அவர் ஓட்டுக் கேட்டார். வாங்க அம்மா, உங்க கட்சிக்கே போடுங்க, புதிய ஜனநாயகக் கட்சிக்குப் போடுங்க, நானே தள்ளிக்கிட்டுப் போறேன் என்று கெஞ்சினார். அவள் காப்பீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? எங்க வீட்டுக்காரரும் நானும் ஜோடி. அவர் போடாதப்ப நான் மட்டும் போய்ப் போட்டா, அது துரோகம் இல்லையா?"

"போட்டுட்டாரு அம்மா. அவர் போட்டுட்டாரு."

"யார் சொன்னா?"

ஆர்வில் முழங்காலிட்டார். கோட்டுக் கை நாற்காலியின் சக்கரத்தில் உரசியது. "ஸ்டெஃபி, நான்தான் ஆர்வில். காலையில போய்ப் போட்டுட்டேன். என்னைப் பாரு. வா, நீயும் போடு, கணக்குச் சரியாயிடும்."

அவள் அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். ஒரு கணம், தெரிந்துகொண்டுவிட்டாள் என்றே மாரிசெல் நினைத்தாளாம். அப்புறம் ஸ்டெஃபி, வழி தவறி வந்த ஆளிடம் பேசுவது போல, இரக்கத்தோடு தலையசைத்தாள்.

"நீங்க ஆர்வில் இல்லைங்க. ஆர்வில் அப்படிச் செய்யவே மாட்டார்."