ஆயுத பூஜையன்று அவிழ்த்த பூட்டு

வியாசர்பாடி செங்கொடிக்குப் பிடிவாதம் கூடவே பிறந்தது. 2004இல் திருவொற்றியூர் அய்யாத்துரை அண்ணாச்சியின் லாரி ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தாள். சேர்ந்த வாரமே பில் போடும் லினக்ஸ் மெஷின் அவள் கண்ணை உறுத்தியது.

அதில் பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று உண்டு. மாமனை அழைத்தால் மாமியும் பிள்ளைகளும் சேர்ந்து வருகிற மாதிரி, ஒரு மென்பொருளைக் கேட்டால் அதற்கு வேண்டியதையெல்லாம் அதுவே கூட்டிவரும். எதிலாவது ஓட்டை விழுந்தால், அடைத்த புதுப் பதிப்பையும் கொண்டுவரும். ஆனால் முன்பு வேலை பார்த்த யேசுதாஸ், பில் புரோகிராம் நின்றுவிடுமோ என்ற பயத்தில், அது நம்பியிருந்த லைப்ரரி என்ற துணை மென்பொருளை மாற்றவே கூடாதென்று பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மகராசன்! இப்போது அந்த லைப்ரரியிலேயே ஓட்டை. இன்டர்நெட் வழியாக எவனும் உள்ளே புகலாம் என்று எச்சரிக்கை வந்துவிட்டது.

புரோகிராம் எழுதியவரைத் துரத்தித் துரத்தி, புது லைப்ரரியோடு ஓடும் பதிப்பை செங்கொடி சிடியில் வாங்கிவிட்டாள். மாற்றுவதற்கு பில் போடாத ஒரு நாள் வேண்டும். அந்த ஆபீசில் அது ஆயுத பூஜை மட்டும்தான். அன்றைக்கோ மெஷினுக்குச் சந்தனம் வைத்து மாலையும் போட்டாயிற்று. தொடக்கூடாது.

"ஓடுத மெஷின எதுக்குப் பிள்ள நோண்டுத? அதுவும் சாமிக்கு வச்சத?" என்றார் அண்ணாச்சி.

"லாரிக்குந்தான் பூச போட்டீங்க அண்ணாச்சி. எலுமிச்சம்பயத்த நசுக்கினு ஒரு ரவுண்டு ஓட்னீங்களே, பிரேக்கு புட்டுகினு கீற வண்டின்னா ஓட்டுவீங்களா? இதுவும் அப்டித்தான் கீது."

அண்ணாச்சி மெஷின் பக்கம் கையைக் காட்டினார். "நாளைக்கு பில்லு வரலன்னா நீ வேலைக்கு வரவேண்டாம், சொல்லிட்டேன்."

வீட்டில் உலை கொதித்ததே அந்தச் சம்பளத்தில்தான். செங்கொடி மாலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். கணக்குகளைப் பிரதி எடுத்துவைத்துக்கொண்டு பூட்டை அவிழ்த்தாள். புது லைப்ரரி வந்தால் பழைய பில் புரோகிராம் போய்விடும், சம்மதமா என்று திரை கேட்டது. சிடி பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். சம்மதம் என்று தட்டினாள். தேங்கிக் கிடந்த புதுப் பதிப்பெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிய பிறகு சிடியைப் போட்டாள்.

விஜயதசமி காலையில் முதல் பில்லை அண்ணாச்சியே போட்டார். பிரிண்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிறீச்சிட்டது. கிழித்து, மேலும் கீழும் பார்த்தார்.

"இனி எப்பப்ப இத நோண்டணும்?"

"ஓட்ட வுயும்போதெல்லாம். அது நாளு கெயம பாக்காது அண்ணாச்சி."

"அப்ப நீயும் பாக்காத" என்றார்.