அக்காவுக்கு வந்த கடிதம்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவர்களின் பெருமையை மட்டும் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

பொன்னேரிக்குப் பக்கத்தில், நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர்கள் அக்கா. மின்சார ரயிலில் தினமும் நின்றுகொண்டே போய்த் தொல்லியல் படித்தார்கள். ஜோர்டான் நாட்டில் விவிலியக் கால ஊர்களைத் தோண்டிய குழுவில் சேர்ந்த முதல் தமிழ்ப் பெண் அவர்கள்தான். அங்கே ஒரு மேட்டில் கிடைத்த கல் தளத்தைக் கோயில் முற்றம் என்று அறிஞர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அக்கா மண்டியிட்டு, கல் இடுக்கில் கருகிக் கிடந்த உமியை எடுத்துக் காட்டி, இது கதிரடித்த களம் என்றார்கள். சிரித்தவர்கள் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது அக்கா விடுப்பில் வந்தார்கள். அப்போதுதான் அந்த மேட்டின் அகழாய்வுக்கே தலைமை ஏற்கச் சொல்லி அவர்களுக்குக் கடிதம் வந்தது. தபால்காரரிடம் வாங்கியவன் நான். எனக்குக் கவரைப்பேட்டையில் தொழிற்சாலை வேலை. அம்மாவின் மலம் அள்ள என் மனைவிக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டுக் கொல்லையில் கொளுத்தினேன்.

பதில் வராததால் அந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று அக்கா நம்பினார்கள். எழுதிக் கேட்க அவர்களின் தன்மானம் இடம் தரவில்லை. ஒன்பது ஆண்டுகள் அம்மாவைத் தூக்கினார்கள், துடைத்தார்கள், ஊட்டினார்கள். அக்காவை வெளிநாட்டில் வேலையைவிட்டுத் துரத்திவிட்டார்கள் என்று உறவினர்கள் பேசியபோது நான் மறுக்கவில்லை.

அம்மாவின் காரியம் முடிந்தபின், ஜோர்டானில் அக்காவோடு வேலை செய்த தோழி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கடிதத்துக்கு ஏன் பதில் போடவில்லை என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒப்புக்கொண்டேன்.

"அம்மாவ பாத்துக்கினு இரு அக்கான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே போவாம இருந்திருப்பேன்டா. கேக்காமயே எடுத்துக்கினியே."

அதன்பிறகு எங்கள் வீட்டுச் சோற்றை அவர்கள் தொடவில்லை. பின்கட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்டபோது காது கொடுக்கவும் அவர்கள் நிற்கவில்லை.

திருவள்ளூர் மருத்துவமனையில் கடைசி நாள், கரண்டியில் தண்ணீர் கொண்டுபோனேன். அக்கா பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு மல்லிகா அதே கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக் கொடுத்தார். குடித்தார்கள்.

மருத்துவமனைக்கு ஓடிவந்தவர்களுக்கும், காரியத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசித் தண்ணீர் என் கையால்தான் குடித்தார்கள் என்று போன ஆண்டு உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். கொடுத்தவர் மல்லிகா. அவருக்கும் நன்றி.

தம்பி